சின்னசேலத்து சிக்னலுக்கு எந்த மின்சாரம்?

விருத்தாசலம் – சேலம் பாதையில் உள்ள சின்னசேலம், மேசைமேல் எச்ஓ அளவில் மாதிரி ரயில் தடமாகக் கட்ட வாகான நிலையம். பின்புலத் திரைக்குக் கல்வராயன் மலை இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் போடப்படும் சுமார் 16 கி.மீ. புதுப் பாதை பிரியும் இடமாதலால் பாயின்ட்டுக்கும் சிக்னலுக்கும் வேலை உண்டு. அசல் நிலையத்தில் தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட் ஏசி. இப்படி மின்மயமான பாதைகளில் அந்தக் கம்பியிலிருந்தே ஒரு துணை டிரான்ஸ்ஃபார்மர் 240 வோல்ட்டை இறக்கித் தருவதுண்டு. ஆனால் அது நேராக சிக்னலுக்குப் போய்விடாது. நடுவே பேட்டரியை வைத்து, சிக்னல் விளக்குக்கு 110 வோல்ட் ஏசி, பாயின்ட் இயந்திரத்துக்கு 110 வோல்ட் டிசி, ரிலேக்களுக்கு 24 வோல்ட் டிசி என்று பிரித்தே கொடுக்கிறார்கள். தண்டவாளத்தில் வண்டி நிற்பதைக் கண்டறியும் சுற்றிலும் இதே கவனம்தான். இழுவைக்கு ஏசி ஓடும் தடத்தில் அதற்கு டிசி கொடுக்கலாம். 1931இல் மின்மயமான சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடம்போல 1500 வோல்ட் டிசி ஓடிய இடத்தில் அது ஆகாது. இழுவை மின்சாரமே ரிலேயை ஏமாற்றிவிடும்.

நம் மேசையில் நடப்பது வேறு. கன்ட்ரோலர் பெட்டியின் பின்னால் ‘16 வோல்ட் ஏசி’ என்று இரண்டு திருகுமுனைகள் சும்மா கிடக்கின்றன. தெருவிளக்கு, கேட், சிக்னல் எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடுகிறோம். துணைக்கருவிகளுக்கு ரயிலின் மிச்சத்தைக் கொடுக்கக் கூடாது, தனி வழங்கல் வேண்டும் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. பழைய இழைவிளக்குக்கு இது பொருந்தாதே என்பார்கள். உண்மைதான், இழைக்கு ஏசியும் ஒன்று, டிசியும் ஒன்று. எல்இடி அப்படி இல்லை. 16 வோல்ட் ஏசியின் உச்சம் 22 வோல்ட்டைத் தாண்டும்; பெரும்பாலான எல்இடிகள் எதிர்த்திசையில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. சரி, நான்கு டயோடும் ஒரு கெப்பாசிட்டரும் போட்டு டிசி ஆக்கிவிட்டால்? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 16 என்று எழுதிய முனையிலிருந்து வெளிவருவது 16 அல்ல, ஏறத்தாழ 21 வோல்ட். 12 வோல்ட்டுக்கென்று ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்ட வெள்ளை எல்இடியில் 9 மில்லி ஆம்பியர் ஓட வேண்டியது 18 ஆகிறது. ரெசிஸ்டரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு, அதாவது மூன்றில் ஒரு வாட். அங்கே இருப்பதோ கால் வாட் ரெசிஸ்டர். எல்இடி எரிந்துகொண்டுதான் இருக்கும். அதற்குள் நடைமேடைக் கூரையின் பிளாஸ்டிக் வளைந்திருக்கும்.

தனி வழங்கல் என்றால் செலவு, ஒயர் சிக்கல் என்ற முணுமுணுப்பு நியாயமானதே. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பெரிதில்லை. 60 மில்லி ஆம்பியர் இழைவிளக்கு 40 வைத்தால் 2.4 ஆம்பியர் வேண்டும். அதே 40 கம்பத்தில் எல்இடியும் 4.7 கிலோ ஓமும் போட்டால் மொத்தமே 80 மில்லி ஆம்பியருக்குள். சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று ஊரையே எரிய வைக்கும். (ஒளி மங்கலாக இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம்; இந்த அளவில் வீதிவிளக்கு மங்கலாக இருந்தால்தான் அழகு.) லோ வோல்டேஜ் வரும் ஊர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. 230 வோல்ட் 180க்கு இறங்கினால் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரின் 16 வோல்ட் பன்னிரண்டரைக்கு வந்துவிடும். 100 முதல் 240 வரை ஏற்கும் அடாப்டர் 12ஐ விடாது.

பாயின்ட்டை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. சுருள்வகை மோட்டார் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குச் சில ஆம்பியர் கேட்கும். அதே அடாப்டரில் மாட்டினால் பாயின்ட் திரும்பும்போதெல்லாம் தெருவிளக்கு கண் சிமிட்டும். அதற்குக் கெப்பாசிட்டரில் சேமித்து ஒரே அடியாக வெளியேற்றும் சுற்றுதான் பொருத்தம். 4700 மைக்ரோஃபாரட்டில் 22 வோல்ட் ஏற்றினால் ஒரு ஜூலுக்குச் சற்று மேல். நாக்கைத் தள்ள அது போதும். பொத்தான் சிக்கிக்கொண்டாலும் சுருள் கருகாது. மெதுவாக நகரும் மோட்டார் வகைக்கு 12 வோல்ட் டிசியில் சுமார் 15 மில்லி ஆம்பியர்தான் வேண்டும். அது விளக்கோடு ஒத்துப்போகும்.

டிஜிட்டல் முறைக்கு மாறியவர்களின் மறுப்புதான் வலுவானது. தண்டவாளத்திலேயே எப்போதும் மின்சாரம் இருக்கிறது, அதே இரண்டு ஒயரில் பாயின்ட்டும் கட்டளை பெறும், பிறகு எதற்குத் தனிப் பெட்டி? வண்டி ஒழுங்காக ஓடும்வரை இதற்குப் பதில் கிடையாது. ஆனால் தனக்கு எதிராகத் திரும்பியிருக்கும் பாயின்ட்டில் எஞ்சின் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் இரு முனைகளையும் இணைக்கிறது, ஷார்ட் ஆகிறது, பூஸ்டர் மின்சாரத்தை வெட்டுகிறது. ஷார்ட்டை நீக்கப் பாயின்ட்டைத் திருப்ப வேண்டும். திருப்ப மின்சாரம் இல்லை. கையால் எஞ்சினைத் தூக்குவதே வழி. மின்சாரத்தை மட்டும் தனியாகக் கொடுத்து, கட்டளை தண்டவாளத்து ஒயரில் வரட்டும் என்றாலும் இதே முட்டுக்கட்டைதான். பாயின்ட்டின் டிகோடருக்குக் கட்டளையும் மின்சாரமும் ரயிலோடு சேர்ந்து வெட்டுப்படாத வழியில் வந்தால், மேசையின் மறுமுனையில் இருந்தபடியே அதைத் திருப்பிவிடலாம்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து வாசகர் அனுப்பும் தட வரைபடங்களில் துணைக்கருவிகளின் மின்வழியைத் தனி நிறத்தில் கேட்கப்போகிறோம். ஒவ்வொரு வழியிலும் ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், எல்லாம் எரியும்போது எத்தனை ஆம்பியர் என்று மூன்றும் எழுதியிருக்க வேண்டும். ‘கன்ட்ரோலரிலிருந்து’ என்று மட்டும் குறித்த படம் திரும்பி வரும்.