நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

எஸ்.பி.எம். முடிவு வெளிவந்த மறுநாள் பத்திரிகைகளில் சிரிப்பவர்கள் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்தவர்கள். மூன்று, நான்கு கிரெடிட்டோடு வீடு திரும்பும் மாணவருக்கு வழிகாட்ட ஆளில்லை.

என் சித்தி மகன் அப்படித்தான் வந்தான். அவனுக்கு டிஸ்லெக்சியா. ஒரு பக்கம் வாசிக்க நேரமெடுக்கும். பழுதான மின்விசிறியை மட்டும் சட்டென்று சரிசெய்துவிடுவான். ஜார்ஜ்டவுனில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு அவனை அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு முகப்பிலும் முதல் கேள்வி, "எத்தனை ஏ, தம்பி?" அடுத்தது கல்விக் கடன். அவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தால் புரியும் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. அது எங்கள் தவறு.

பினாங்கில் வழி இல்லாமல் இல்லை. பெர்மாத்தாங் பாவ், பாலிக் பூலாவ் இரண்டிலும் போலிடெக்னிக் உண்டு. பாயான் பாரு, கெப்பாலா பத்தாஸ் முதலிய இடங்களில் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. பாயான் லெப்பாசில் 1989 முதல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளுக்கு ஆள்களைப் பயிற்றுவிக்கிறது. சான்றிதழில் தொடங்கி டிப்ளோமா, பட்டம் என்று ஏறவும் முடியும். இருந்தும், "அங்கேயா போகிறாய்?" என்று முகம் சுளிக்கும் உறவினர்களுக்குப் பயந்து, பொருந்தாத படிப்பில் சேர்ந்து பாதியில் நிற்பவர்களை நாம் அறிவோம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கற்றல் சிக்கல் உள்ளவர்கள் பள்ளி வழி விண்ணப்பித்தால் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம் பெறலாம். கல்லூரிக்கு அந்தச் சலுகை தானாகப் பின்தொடர்ந்து வராது. ஆனால், 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, கற்பிக்கும் முறையிலும் பாடப்பொருளிலும் அவர்களுக்கு ஏற்ற வசதி செய்து தரும் பொறுப்பை அரசு, தனியார் கல்வி நிறுவனங்கள் இரண்டின்மீதும் வைக்கிறது. எனவே கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஆகவே, பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு, செய்முறைக்கு எவ்வளவு? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கூடுதல் நேரம் தருவீர்களா? ஒரு பாடத்தில் தவறினால் யார் உதவுவார்? பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியின் கட்டடம் எவ்வளவு பெரிதானாலும், அடுத்த முகப்புக்கு நகருங்கள்.

நல்ல கல்லூரி என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. நமக்குக் கற்றுத் தரத் தெரிந்ததே நமக்கு நல்ல கல்லூரி.