நீ சற்றுப் பொறு

அமெரிக்கச் சீர்திருத்த இயக்கங்களின் வரலாறு நமக்குப் பெரும்பாலும் இரண்டு தனிக்கதைகளாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று அடிமை ஒழிப்பின் கதை. அதில் லிங்கனும் பிரடெரிக் டக்ளஸும் வருவர். மற்றது பெண்கள் வாக்குரிமையின் கதை. அதில் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் பி. அந்தோணியும் வருவர். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவை என்பதும், பின்னர் வாசலில் நின்று சண்டையிட்டுப் பிரிந்தவை என்பதும் அடிக்குறிப்புகளாக ஒதுங்கிவிடுகின்றன. அமெரிக்கச் சமூகத்தின் அடுத்த நூறாண்டுக் குணத்தைத் தீர்மானித்தவற்றுள் அந்தச் சண்டைக்கும் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1840-இல் இலண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியது. அமெரிக்காவிலிருந்து பேராளராகச் சென்றிருந்த லுக்ரீஷியா மோட் முதலிய பெண்களுக்கு அவையில் இடம் மறுக்கப்பட்டது. தனியே ஒதுக்கிய பகுதியில் அமர்ந்து அவர்கள் வேடிக்கை பார்க்க நேர்ந்தது. தேனிலவுப் பயணமாகக் கணவருடன் அங்கே வந்திருந்த ஸ்டான்டனும் மோட்டும் அறிமுகமானது அப்போதுதான். எட்டாண்டுகள் கழித்து, 1848 ஜூலையில், நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் பெண்ணுரிமை மாநாடு கூடிற்று. அங்கே உருவான பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டனர். பெண்ணுக்கு வாக்குரிமை கேட்கும் தீர்மானம் மட்டும் பலருக்கு மிகையாகத் தோன்றியது. அது தோற்காமல் காத்தது டக்ளஸின் பேச்சு. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஒருவர், வெள்ளைப் பெண்களின் வாக்குரிமைக்காக எழுந்து நின்றார் என்பதை மறந்துவிடலாகாது.

பெண்களும் அந்தக் கடனைத் திருப்பித் தந்தார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-இல், ஸ்டான்டனும் அந்தோணியும் ஒரு சங்கம் அமைத்து, அடிமை முறையை அரசியல் சட்டத்தாலேயே ஒழிக்கவேண்டும் என்று ஏறத்தாழ நான்கு இலட்சம் கையெழுத்துகளைத் திரட்டினர். 1865-இல் 13-ஆம் திருத்தம் வந்தது. சுமார் நாற்பது இலட்சம் மனிதர்கள் சட்டப்படி விடுதலை பெற்றனர். முப்பது ஆண்டுக்கால இயக்கம் நிலத்தை உழுது வைத்திருந்தது; ஆனால் மழையாகப் பெய்தது போர். இயக்கமின்றிப் போர் மட்டும் வந்திருந்தால் அது ஒன்றியத்தைக் காக்கும் போராக மட்டுமே முடிந்திருக்கக்கூடும். போரின்றி இயக்கம் மட்டும் இருந்திருந்தால் இன்னும் எத்தனை தலைமுறை ஆகியிருக்குமோ!

வரலாறு இவ்வாறு திறக்கும் கதவு எப்போதும் குறுகலானது. யார் முதலில் நுழைவது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. 1868-இல் நிறைவேறிய 14-ஆம் திருத்தம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் முதன்முறையாக ‘ஆண்’ என்ற சொல்லை எழுதியது. அடுத்து வந்த 15-ஆம் திருத்தம் இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. பாலினத்தைப் பற்றி மௌனம் காத்தது. பெண்களிடம் சொல்லப்பட்டது ஒன்றே: இது கறுப்பு மனிதனின் வேளை, நீ சற்றுப் பொறு.

1869 மே மாதம் நியூயார்க்கில் சம உரிமைச் சங்கம் கூடியபோது இந்தச் சொல் வெடித்தது. பெண் என்பதற்காகவே ஒருத்தியை வீட்டிலிருந்து இழுத்துவந்து விளக்குக் கம்பத்தில் தூக்கிலிடும் நாள் வந்தால் அவளுக்கும் எங்களுக்குள்ள அதே அவசரம் இருக்கும் என்றார் டக்ளஸ். கறுப்பினப் பெண்ணுக்கும் இதெல்லாம் நேரவில்லையா என்று அவையிலிருந்து குரல் எழுந்தது. நேர்கிறதுதான், ஆனால் அவள் கறுப்பாக இருப்பதால் நேர்கிறது, பெண்ணாக இருப்பதால் அன்று என்பது அவர் விடை. ஸ்டான்டனோ, படிப்பறிவற்ற கறுப்பு ஆண்கள் படித்த வெள்ளைப் பெண்களுக்குமுன் வாக்குரிமை பெறுவதா என்று இனவெறி தொனிக்கும் சொற்களில் எழுதினார், பேசினார். சங்கம் உடைந்தது.

இருவருடைய வாதத்திலும் ஒருத்தி விடுபட்டுப் போகிறாள். கறுப்பாகவும் பெண்ணாகவும் இருப்பவள். அவளுக்காகப் பேச ஓர் எழுத்தாளர் இருந்தார்: பிரான்செஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர். கவிஞர், பின்னாளில் ‘அயோலா லெராய்’ என்ற நாவலை எழுதியவர். 1866-இல் நியூயார்க் மாநாட்டு மேடையில், கணவர் இறந்தபின் கடனுக்காகத் தம் பால்சட்டிகளையும் துவைக்கும் தொட்டிகளையும் கூட எடுத்துச் சென்றதை அவர் விவரித்தார். இறந்தவள் மனைவியாக இருந்தால் கணவனுக்கு இது நேர்ந்திருக்காது. அடுத்த மூச்சில், பிலடெல்பியாவின் டிராம் வண்டிகளில் தம்மைப் போன்றவர்களை ஏற்ற மறுப்பதைச் சொல்லி, உங்களுக்கு உரிமைகளைப் பற்றிய கவலை, எனக்கு இழைக்கப்படும் அநீதிகளைப் பற்றிய கவலை என்று வெள்ளைப் பெண்களின் முகத்துக்கு நேரே கூறினார்.

அதே ஹார்ப்பர் 1869-இல் 15-ஆம் திருத்தத்தை ஆதரித்தார். இரண்டு வகையிலும் பாதிக்கப்பட்ட பெண், தன் இனத்து ஆண் முதலில் நுழையட்டும் என்று வழிவிட்டார். ஆகவே டக்ளஸ் பெண்களைக் கைவிட்டார் என்று இன்று சுலபமாகச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. தெற்கில் கொலைகள் நடந்துகொண்டிருந்த வேளையில் அவர் வரிசையை வகுத்தார். வரிசை வகுப்பது வேறு, கைவிடுவது வேறு. முன்னால் நுழைந்தவன் திரும்பிவந்து கதவைப் பிடித்துக்கொள்கிறானா என்பதுதான் உரைகல். டக்ளஸ் திரும்பி வந்தார். வாழ்நாள் முழுவதும் பெண்கள் வாக்குரிமை மேடைகளில் பேசினார்.

கைவிடல் நிகழ்ந்தது பின்னால்தான். 1895-இல் வாக்குரிமைச் சங்கம் தன் மாநாட்டை அட்லாண்டாவில் கூட்டியது. தெற்கத்திய வெள்ளைப் பெண்களின் ஆதரவு வேண்டும். டக்ளஸுக்கு அங்கே அவமானம் நேரவும் கூடாது. எனவே வரவேண்டாம் என்று தம் நெடுநாள் நண்பரிடம் அந்தோணியே கேட்டுக்கொண்டார். அது தவறு என்று ஐடா பி. வெல்ஸ் பின்னர் அவரிடமே சொன்னார். மாநாடு முடிந்து இரண்டு வாரங்களில், பிப்ரவரி 20 அன்று, வாஷிங்டனில் பெண்கள் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பிய டக்ளஸ் அன்று மாலையே இறந்தார். 1913-இல் வாஷிங்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் வெல்ஸையே பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை, வழியில் தம் இல்லினாய் மாநில அணியில் கலந்து நடந்தார்.

1920-இல் 19-ஆம் திருத்தம் வந்தது. இம்முறையும் ஒரு போர், முதல் உலகப்போர், கதவைத் தள்ளித் திறந்தது. ஆனால் தெற்கில் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வன்முறையும் கறுப்பினப் பெண்களை வாசலிலேயே நிறுத்தின. மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வாழ்ந்த ஃபேனி லூ ஹேமர், தமக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதையே 1962-இல், 44 வயதில்தான் அறிந்தார். பெயரைப் பதிவுசெய்யப் போனதற்காகக் குடியிருந்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965-இல். அச்சட்டத்தின் முதன்மையான காப்பு ஒன்றை 2013-இல் உச்சநீதிமன்றமே செயலிழக்கச் செய்தது.

இயக்கங்களை அவை எதிர்த்துநின்ற பகைவரைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். தம்மோடு நடந்தவரிடம் ‘பொறு’ என்று சொன்னபின் என்ன செய்தன என்பதைக் கொண்டு அளந்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. மனிதகுலம் ஒரே கட்டாகப் பிணைக்கப்பட்டது, அதில் மிக எளியவரை மிதித்துவிட்டு மற்றவர் நலமாக இருக்க இயலாது என்பது 1866-இல் ஹார்ப்பர் பேசியதன் சாரம். அதைச் சட்டம் ஓரளவேனும் ஒப்புக்கொள்ள 99 ஆண்டுகள் ஆயின. 1911-இல் மறைந்த ஹார்ப்பர் எந்தத் தேர்தலிலும் வாக்களித்ததில்லை.