வளையத்தின் முனை

விவேக் நகர்ச் சந்துகளில் மாடிகள் எழும்புகின்றன. தூண்களுக்குக் கம்பி கட்டுபவர்களில் நம்மவர்களும் உண்டு. நெடுங்கம்பிகளைச் சுற்றி மாட்டும் வளையத்தின் முனையை 90 டிகிரி வளைத்தால் வேலை சீக்கிரம் முடியும். 135 டிகிரி வளைத்து உள்ளே செருகினால்தான் பூகம்பத்தில் வளையம் விரியாது. இந்தியத் தரநிலை இதை 1993-லேயே சொல்லிவிட்டது. கம்பி கட்டும் பையனுக்கு யார் சொல்வது? மேஸ்திரிதான், அவருக்கே தெரிந்திருந்தால்!

அமெரிக்காவில் இரும்புத் தொழிலாளர் சங்கமும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து, மூன்று நான்கு ஆண்டுகள் கூலியோடு தொழில் பழக்குகிறார்கள். இங்கே? 1996-இல் வந்த சட்டம் தொடங்கி, கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென வசூலாகிறது. நல வாரியத்தில் பதிய 90 நாள் வேலை பார்த்ததைக் காட்ட வேண்டும். கைத்திறனைக் காட்ட வேண்டியதில்லை. அந்த நிதியில் ஈஜிபுரா பக்கம் ஒரு கொட்டகை போட்டு, தினக்கூலி கொடுத்தே ஒரு வாரம் சொல்லித்தரலாம்.