வளையல் சொன்ன செய்தி

தில்லியின் தை மாதக் குளிரில் நம் பெண்டிர் பட்டுச் சேலையின்மேல் கம்பளிச் சட்டையும், அதன்மேல் சால்வையும் அணிந்தே பொங்கல் விழாவிற்கு வருகின்றனர். ஒருவர் உடல் தேறியுள்ளாரா, மெலிந்துள்ளாரா என்பது பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சென்ற பொங்கலன்று பந்தியில் பரிமாற எழுந்த அம்மையார் ஒருவர் கம்பளிக் கையை மேலே ஏற்றினார். தீபாவளியன்று மணிக்கட்டில் இறுகி நின்ற வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. அருகிலிருந்த முதிய அன்னை ஒருவர், "என்னம்மா இப்படி இளைத்துவிட்டாய்?" என்று வினவ, அவ்வம்மையாரின் கண்கள் கலங்கின. அவர் கூறியவற்றை, அவரது இசைவுடன், பெயர் குறியாது இங்கு எழுதுகிறோம்.

ஊரை விட்டு வந்து ஓராண்டு ஆகவில்லை. கணவர் அலுவலகத்திற்கும் மகள் கல்லூரிக்கும் சென்றபின் வீட்டில் துணையில்லை. காரணமின்றி நெஞ்சு படபடத்தது. இரவில் உறக்கம் வரவில்லை. ஐப்பசியில் மனநல மருத்துவர் ஒருவர், மனப்பதற்றம் என்று கண்டு, செர்ட்ராலின் என்னும் மாத்திரையும், சில வாரங்களுக்கு மட்டும் குளோனசெபாமும் கொடுத்தார். படபடப்புத் தணிந்தது. ஆனால் குமட்டல் வந்தது, பசி போயிற்று. தனித்து உண்ண மனமின்றி நண்பகல் உணவையே விட்டுவிட்டார். மறுமுறை மருத்துவர் நலம் கேட்டபொழுது, தமக்குத் தெரிந்த இந்தியில் "டீக் ஹை" என்னும் இரு சொற்களே அவர் வாயில் வந்தன. 48 கிலோ இருந்த எடை மார்கழியில் 44 ஆயிற்று. "அந்த மாத்திரைதான் உன்னை உருக்குகிறது" என்று பக்கத்து வீட்டார் கூறவே, விழாவிற்கு நான்கு நாட்களுக்கு முன் இரண்டையும் ஒருவருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டார். உறக்கம் மீண்டும் போயிற்று, தலை சுற்றியது, பரிமாறிய கை நடுங்கியது.

பக்கத்து வீட்டார் கூறியதில் உண்மை அறவே இல்லையென்று நாம் சொல்லவில்லை. செர்ட்ராலின், புளுவாக்சிடின் முதலிய மருந்துகள் தொடக்க வாரங்களில் சிலருக்குக் குமட்டலையும் பசிக்குறைவையும் தரும். அதனால் எடையும் சிறிது குறையலாம். பெரும்பாலோர்க்கு இத்தொல்லை சில வாரங்களில் தணிந்துவிடும். நெடுநாள் உட்கொள்வோரில் எடை கூடுவோரும் உண்டு. ஆயினும், மெலிந்தவர் வீட்டில் மாத்திரை இருப்பதனாலேயே மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். மனப்பதற்றமே பசியைக் கெடுக்கும். தைராய்டுச் சுரப்பி மிகுதியாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடலும் மெலியும். பார்ப்பவர்க்கு அது மனப்பதற்றம் போலவே தோன்றும். நீரிழிவும் காசநோயும்கூட உடலை இளைக்கச் செய்வனவே. மருந்தின்மேல் பழியைப் போட்டு வாளாவிருந்தால், உள்ளே இருக்கும் நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

மருந்தைத் தாமே திடீரென நிறுத்துதல் அதனினும் தீது. குளோனசெபாம், அல்பிரசோலம், டயசெபாம் என்னும் இனத்து மருந்துகளைத் தொடர்ந்து உண்டு சட்டென விட்டால் உறக்கமின்மையும் நடுக்கமும் தோன்றும். சிலர்க்கு வலிப்பும் வரக்கூடும். செர்ட்ராலின் போன்றவற்றையும் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

மறுநாள் கணவரும் அம்முதிய அன்னையும் உடன் சென்றனர். அம்மையார் தமிழில் சொல்லச் சொல்லக் கணவர் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துரைத்தார். அவர் மனைவி பகலில் உண்பதில்லை என்பதை அன்றுதான் அவரும் அறிந்தார். குருதிச் சோதனையிலும் மார்புப் படத்திலும் வேறு நோய் இல்லையெனத் தெளிந்தபின், மருத்துவர் செர்ட்ராலினைக் குறைந்த அளவில் உணவுக்குப்பின் உண்ணுமாறு மீண்டும் தொடங்கினார். குளோனசெபாமைச் சிறிது சிறிதாகக் குறைத்து விடுவித்தார். வாரம் மும்முறை அம்முதிய அன்னை தம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்று உடனமர்ந்து உண்டார். பங்குனி முடிவில் எடை 46½ கிலோ. மீட்டது மருந்தின் மாற்றமா, உடனுண்ட துணையா என்று பிரித்துக் கூற இயலாது. இரண்டுமே என்றுதான் நாம் கருதுகிறோம்.

நம் இல்லங்களில் இத்தகைய மருந்து உண்போர் இருப்பின், தொடங்கும் நாளிலேயே எடையைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வாரம் ஒரு முறை, காலையில், அதே எடைக்கருவியில் பாருங்கள். கிலோ எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது 18.5-க்குக் கீழாயின் அது குறை எடை. 155 செ.மீ. உயரமுள்ளவர்க்கு ஏறத்தாழ 44½ கிலோவுக்குக் கீழ் இறங்குதல் அந்நிலையாகும். முயலாமலே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இருபதில் ஒரு பங்கு எடை குறைந்தாலும் மருத்துவரைக் காணல் வேண்டும். மருத்துவரிடம் மொழி தடையாயின் தமிழறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மைய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

ஊரில் இருந்தால் அத்தையோ நாத்தனாரோ நம் தட்டைப் பார்த்திருப்பர். "இன்னும் ஒரு கரண்டி" என்று சோறு வைத்திருப்பர். இங்கு அக்கண்கள் இல்லை. எல்லோர்க்கும் இட்டுவிட்டுக் கடைசியில் உண்பவர், உண்டாரா என்று கேட்பாரும் இல்லை. காய்ச்சல் மாத்திரையை மறைக்காத நாம் மனப்பதற்ற மாத்திரையை மட்டும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம். வளையல் சரியும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவு உணவின்போது, உங்கள் இல்லத்தில் இறுதியாக உண்பவரின் தட்டை ஒரு முறை பாருங்கள்.