விதைநெல்லைத் தெரிபவர் யார்?

விளைச்சலின் தரம் அறுவடையன்று தீர்மானமாவதில்லை. விதைநெல்லைத் தெரிந்தெடுத்த அன்றே தீர்மானமாகிவிடுகின்றது. எம் கமக்காரர் நன்கறிந்த இவ்வுண்மை தேர்தலுக்கும் பொருந்தும். வாக்குப் பெட்டியைக் கண்விழித்துக் காக்கும் நாம், வாக்குச் சீட்டில் ஏறும் பெயர்களைத் தெரிபவர் யாரென்று கேட்கத் தவறிவிடுகின்றோம்.

எம்மவர் பல்லாயிரவர் வாழும் இலண்டன் மாநகரை நோக்குவோம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த அந்நகரப் பேரவைக்கு 2000 மே 4ஆந் திகதி முதற்றேர்தல் நடைபெற்றது. அங்கத்தவர் 25 பேர். அவருள் 14 பேர் தொகுதிவாரியாகவும், எஞ்சிய 11 பேர் கட்சிப் பட்டியல்களிலிருந்து விகிதாசாரப்படியும் தெரிவாகின்றனர். 2024 வரை நடந்த ஏழு தேர்தல்களிலும் பசுமைக் கட்சி ஒரு தொகுதியையேனும் வென்றதில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் பட்டியல் வழியாக இரண்டு அல்லது மூன்று ஆசனங்களைப் பெற்றே வந்துள்ளது.

இதன் பொருள் யாது? அக்கட்சியின் பட்டியலில் முதல் மூன்று இடங்களைப் பெறுவதே மெய்யான தேர்தலாகும். பொது வாக்காளர் கட்சிக்கு வாக்களிக்கலாம். பெயர்களின் ஒழுங்கை மாற்றவியலாது. அவ்வொழுங்கைத் தீர்மானிப்பவர் இலண்டனிலுள்ள கட்சி அங்கத்தவர்களே. நியமனம் நாடுவோர் தலைவரின் வாசலிற் காத்து நிற்பதில்லை. தம் கொள்கையையும் ஆற்றிய பணியையும் அங்கத்தவர் முன் வைத்து, கேள்விகளுக்கு விடையிறுத்து, விருப்பு வரிசை வாக்கைக் கோருகின்றனர்.

இரண்டு ஆசனங்களால் என்ன பயன் என்பாருமுளர். நகர முதல்வரின் வரவுசெலவுத் திட்டத்தைத் திருத்துவதற்குப் பேரவையில் மூன்றிலிரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் முதல்வர் கென் லிவிங்ஸ்டனின் தொழிற்கட்சி பெற்ற ஆசனங்கள் ஏழு. பசுமைக் கட்சி பெற்றவை இரண்டு. இவ்விரண்டும் ஏழுடன் சேர்ந்தால் ஒன்பது. எதிரணிக்கு எஞ்சுவது பதினாறு. திருத்தத்துக்கு வேண்டியதோ பதினேழு! அவ்விருவரும் தம் ஆதரவுக்கு ஈடாகச் சூழற்பணிகளுக்கு நிதி பெற்றனர். இத்தகைய பேரம் பேசும் பொறுப்பை ஏற்பவரை அங்கத்தவரே தெரிவது நியாயமன்றோ?

குறையில்லாத முறை இதுவென்று நாம் கூறவில்லை. 2024 மே மாதம் பேரவைக்குத் தெரிவான சியான் பெரி, சில நாட்களுள் விலகினார். பாராளுமன்றத் தேர்தலிற் பிறைற்றன் பவிலியன் தொகுதியில் நின்று வென்றார். இடைத்தேர்தலின்றிப் பட்டியலில் அடுத்திருந்த சோயி கார்பெற் அவ்விடத்தை நிரப்பினார். சட்டப்படி இதிற் பிழையில்லை. ஆயினும் வாக்களித்தோர் மனம் நோவதில் வியப்பில்லை. ஆனால் அடுத்தவர் யாரென்பதைத் தேர்தலுக்கு முன்னரே பட்டியல் அறிவித்திருந்தது. எவரும் பின்கதவால் நுழையவில்லை.

இனி எம் வீட்டைப் பார்ப்போம். எமது உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு அறுபது பங்கு வட்டாரத்துக்கும், நாற்பது பங்கு பட்டியலுக்கும் உரியன. மேலதிகப் பட்டியலிலிருந்து எவர் மன்றத்துக்குச் செல்வதென்பதைத் தேர்தல் முடிந்தபின் கட்சிச் செயலாளரே பெயர் குறிப்பிடுகின்றார். வட்டார அபேட்சகரும் பெரும்பாலும் மூடிய அறையிலேயே தீர்மானமாகின்றார். மாற்றானிடம் சனநாயகம் கோரும் எம் கட்சிகள், தம் அங்கத்தவருக்கு அதனை மறுப்பது எவ்வகை நீதி?

கிளைகளில் வாக்கெடுத்தால் பணமும் சாதியும் புகுந்துவிடும், ஒற்றுமை குலைந்துவிடும் என்பர் சிலர். மூடிய அறைக்குள் அவை புகவில்லையா? புகுந்ததை யாரும் காணவில்லை என்பதே வேறுபாடு. வாக்கெடுப்புக்கு முதல்நாள் ஆட்சேர்ப்பதைத் தடுக்க, ஓராண்டு அங்கத்துவம் உடையவருக்கே வாக்கு என விதி செய்யலாம்.

எனவே நாம் கேட்பவை மூன்று. அங்கத்தவர் இடாப்பு அங்கத்தவர் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். அபேட்சகர் கிளையின் இரகசிய வாக்கினால் தெரிவாதல் வேண்டும். மேலதிகப் பட்டியலின் ஒழுங்கு தேர்தலுக்கு முன்னரே மக்களுக்கு அறிவிக்கப்பட்டு, செயலாளர் அதன்படியே நடத்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. கட்சி யாப்பைத் திருத்தினாற் போதும்.

அடுத்த நியமனப் பத்திரம் கையெழுத்தாகும் முன்னர், உங்கள் கிளைக் கூட்டத்தில் எழுந்து இவற்றைக் கேளுங்கள். விதைப்பு முடிந்தபின் விதையைக் குறைகூறிப் பயனில்லை.