சுற்றுச்சூழல் படிப்பும் கல்லூரிக் குப்பையும்

இந்திய சுப்ரீம் கோர்ட்டார் 1991-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி எம்.சி. மேத்தா வழக்கில் கொடுத்த தீர்ப்பில், சுற்றுச்சூழலைக் காப்பது பற்றிய படிப்பைக் கலாசாலைகளில் கட்டாயமாக்க வேண்டுமென்று சொன்னார்கள். காரியம் சரிவர நடவாததால் 2003-ல் மறுபடியும் உத்திரவு போட வேண்டியதாயிற்று. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழுவார் எல்லாப் பட்டப் படிப்புக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடமொன்று வகுத்தார்கள். அதில் 50 மணி நேரம். 5 மணி நேரம் வெளியே போய்க் கண்ணால் பார்த்து வருவதற்கு. 100 மார்க்கில் 25 அதற்கே.

திட்டத்தில் குற்றமில்லை. ஆனால் அந்த 5 மணி நேரம் என்னவாயிற்று? சென்ற வருஷத்து மாணாக்கனின் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்து 25 மார்க்கையும் வாங்கிப் போவதைத்தானே எங்கும் காண்கின்றோம்? பிளாஸ்டிக்கின் கேடுகளைப் பரீட்சையில் வரிசையாய் எழுதியவன், வெளியே வந்ததும் டீ குடித்த பிளாஸ்டிக் டம்ளரைச் சுவரோரம் எறிகிறான். அர்த்தம் அறியாமல் மந்திரம் சொல்லித் தட்சணை வாங்கும் புரோகிதருக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

நிற்க. அந்த டம்ளரை எடுப்பவர் யார்? குப்பையை உண்டாக்கியவனே அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமென்று 2016-ம் வருஷத்து விதிகளே கூறின. ஆனால் நம் நாட்டிலோ போடுவது ஒருவன் உரிமை, அள்ளுவது இன்னொருவன் பிறவிக் கடமை என்றல்லவா வைத்திருக்கிறார்கள்? இந்தப் புத்தி போகாமல் எந்தப் பாடமும் பலிக்காது.

"படிக்க வந்த பிள்ளையைக் குப்பை தொடச் சொல்லலாமா?" என்று சிலர் கோபிக்கலாம். தன் குப்பையைத் தான் தொடுவதில் என்ன இழிவு? பிரின்சிபால் முதல் எல்லோரும் முறை வைத்துச் செய்யட்டும். ஒரு ஜாதிப் பிள்ளைகளை மட்டும் ஏவினால் அது அயோக்கியத்தனமேயாகும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. விடுதியில் வீணாகும் சோற்றை நிறுக்கட்டும். ரசாயனம் படிப்பவன் கிணற்று நீரைச் சோதிக்கட்டும். தாவரம் படிப்பவன் எச்சிலையை எருவாக்கட்டும். கணக்குப் படிப்பவன் மின்சாரச் செலவைக் கணக்கிடட்டும். இவற்றை மாதந்தோறும் கல்லூரி வாசற் பலகையில், ஊரார் பார்க்க எழுதி வைக்கட்டும். மார்க்கு அதற்குக் கொடுங்கள்.

தோழர்களே! உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் அந்தப் பலகை இருக்கின்றதா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.