ஒரே ஸ்நேர்... எல்லா மேடைக்கும்! பித்தளை டிரம் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வாங்கும் முன்...

ரிசப்ஷன் மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது, அங்கிருக்கும் டிரம் செட் பெரும்பாலும் வாடகைக்கு வந்ததாகவே இருக்கும். ஆனால், விவரமான டிரம்மர் வெறுங்கையோடு வர மாட்டார். ஒரு தோளில் சிம்பல் பை. இன்னொரு தோளில் உருண்டையாக ஒரு பை. அந்த உருண்டைப் பைக்குள் இருப்பதுதான் ஸ்நேர் டிரம்.

பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். பெரும்பாலான பாடல்களில் இரண்டிலும் நான்கிலும் 'டப்' என்று விழும் அடி ஸ்நேருடையது. மொத்த செட்டில் நம் காதில் அதிகம் விழுவது அந்தச் சத்தம்தான். மற்ற டிரம்கள் யாருடையதாக இருந்தாலும் சமாளித்துவிடலாம், ஸ்நேர் மட்டும் சொந்தமாக வேண்டும் என்று வாசிப்பவர்கள் நினைப்பது அதனால்தான்.

சிக்கல் வீட்டில் ஆரம்பிக்கிறது. இரண்டு, மூன்று வருடமாக டிரம்ஸ் கற்கும் பிள்ளை மொபைலில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த பித்தளை ஸ்நேர்தான்ப்பா வேணும்" என்கிறது. விலையைப் பார்த்தால், முதன்முதலில் வாங்கிக் கொடுத்த மொத்த டிரம் செட்டின் விலையையே தொடுகிறது. தப்பான ஒன்றை வாங்கிவிட்டால் ஒரே வருடத்தில் இன்னொன்று வாங்க வேண்டி வரும். சர்ச், கச்சேரி, ரெக்கார்டிங் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

ஏன் பித்தளை?

வீட்டில் பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம் இரண்டும் இருந்தால் காலியாக வைத்துத் தட்டிப் பாருங்கள். வடிவமும் கனமும் வேறு என்றாலும், உலோகம் மாறினால் நாதம் மாறும் என்பது புரிந்துவிடும். ஸ்நேரிலும் அப்படித்தான். டிரம்மின் உடம்பை 'ஷெல்' என்பார்கள். ஸ்டீல் ஷெல் கூர்மையாக, பளீரென்று ஒலிக்கும். அலுமினியம் சற்று வறட்சியாக, சுருக்கமாக நிற்கும். மரம் மென்மையாக, அடக்கமாக இருக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் கூர்மையும் இருக்கும், அடியில் ஒரு கனமும் இருக்கும். இரண்டு பக்கமும் போகக்கூடியது என்பதால்தான் 'ஒன்று மட்டும் வாங்கலாம்' என்கிறவர்கள் பித்தளையை நாடுகிறார்கள்.

அமெரிக்காவின் லுட்விக் நிறுவனம் 1920-களில் கொண்டுவந்த 'பிளாக் பியூட்டி' இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. பார்க்கக் கறுப்பாக இருக்கும். ஆனால், அது கறுப்பு நிக்கல் பூசிய பித்தளை ஷெல். பல நிறுவனங்களின் பித்தளை ஸ்நேர்கள் இன்றும் அதனோடு ஒப்பிட்டுத்தான் பேசப்படுகின்றன.

அளவு என்ன?

குறுக்களவு பற்றிக் குழப்பம் வேண்டாம். 14 அங்குலம்தான் பொதுவான அளவு. ஹெட், ஸ்நேர் வயர், பை எல்லாமே இந்த அளவில் சுலபமாகக் கிடைக்கும். யோசிக்க வேண்டியது ஆழத்தைத்தான்.

5 அங்குலம்: சட்டென்று பேசும். எடை குறைவு. சின்ன அரங்கு, மெல்லிய வாசிப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

6.5 அங்குலம்: தளர்த்தி டியூன் செய்தால் மெலடிப் பாட்டுக்கு வேண்டிய கனமான 'தப்' கிடைக்கும். இறுக்கினால் குத்துப்பாட்டுக்கு வேண்டிய 'டக்' கிடைக்கும்.

5.5 அங்குலம்: இரண்டுக்கும் நடுவில்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் 6.5 அங்குலத்தில் இடம் அதிகம். ஆழமான டிரம்மை இறுக்கிக் கூர்மையாக்கலாம். ஆழம் குறைந்த டிரம்மை எவ்வளவு தளர்த்தினாலும் அந்தக் கனம் முழுதாக வராது. ஆனால், தினமும் பஸ்ஸிலும் டூவீலரிலும் தூக்கிக்கொண்டு அலைகிறவர், சத்தத்துக்குக் கட்டுப்பாடு உள்ள சின்ன சர்ச்சில் வாசிக்கிறவர் என்றால் 5.5 அங்குலமே நல்லது.

தடிமனா, மெல்லியதா?

1991-ல் வெளியான நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தில் டேவ் குரோல் வாசித்தது டாமா நிறுவனத்தின் 'பெல் பிராஸ்' ஸ்நேர். அது வாடகைக்கு எடுக்கப்பட்டது. அதன் செல்லப்பெயர் 'டெர்மினேட்டர்'. அந்தச் சத்தத்தைக் கேட்டு மயங்கி, தடிமனான வார்ப்பு ஷெல் தேடும் இளைஞர்கள் உண்டு. 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அத்தகைய ஷெல்கள் கனமானவை, சத்தமும் அதிகம். பெரிய மேடையில் ராக் வாசிக்க அருமை. நூறு பேர் உட்காரும் ஹாலில் பாடகரின் குரலை விழுங்கிவிடும்.

பல வேலைக்கு ஒரே டிரம் என்றால் 1 முதல் 1.2 மில்லிமீட்டர் வரையிலான ஷெல் போதும். மெதுவாகத் தொட்டாலும் பேசும், ஓங்கி அடித்தாலும் தாங்கும்.

காந்தத்தைக் கையில் எடுங்கள்

தங்க நிறத்தில் இருப்பதெல்லாம் பித்தளை அல்ல. ஸ்டீல் ஷெல்லுக்கும் பித்தளை நிறப் பூச்சு கொடுக்கலாம். பித்தளைக்கு குரோம் பூசினால் ஸ்டீல் போலவே தெரியும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். ஷெல்லில் ஒட்டினால் அது ஸ்டீல். ஒட்டவில்லை என்றால் பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். விளிம்பு வளையம் பெரும்பாலும் ஸ்டீல் என்பதால் அங்கே வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்தது எடை. பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். அதே அளவுள்ள இரண்டையும் தூக்கினால் கையே சொல்லிவிடும். லுட்விக்கின் 'சுப்ராஃபோனிக்' மாடலில் 1960-களின் தொடக்கத்தில் வந்தவை குரோம் பூசிய பித்தளை. பிறகு வந்தவை குரோம் பூசிய அலுமினியம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய டிரம் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கடையில் 15 நிமிடம்

சொந்த ஸ்டிக்கை எடுத்துச் செல்லுங்கள். டிரம்மைத் தளர்வாக, நடுத்தரமாக, இறுக்கமாக என்று மூன்று விதமாக டியூன் செய்து தரச் சொல்லுங்கள். மூன்றிலும் நன்றாக இருந்தால்தான் அது பல வேலைக்கு ஆகும்.

மிக மெதுவாக ஸ்டிக்கின் நுனியால் வாசியுங்கள். கீழே உள்ள கம்பிச்சுருள்கள் உடனே பதில் சொல்ல வேண்டும். நடுவில் மட்டுமின்றி ஓரத்திலும் தட்டுங்கள். ஸ்டிக்கைப் படுக்கவைத்து வளையத்தில் தட்டும் கிராஸ் ஸ்டிக், வளையத்தையும் ஹெட்டையும் ஒன்றாக அடிக்கும் ரிம்ஷாட் இரண்டையும் பாருங்கள்.

கம்பியை இறுக்கவும் விடவும் உதவும் லிவரைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். அது தானாக நழுவினால், கச்சேரி நடுவில் காலை வாரிவிடும்.

கடைசியாக, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லி பத்து அடி தள்ளி நின்று கேளுங்கள். ரசிகர் காதில் விழப்போவது அந்தச் சத்தம்தான்.

பழைய டிரம் என்றால் ஹெட்டுகளைக் கழற்றி, ஷெல்லைச் சமதளமான கண்ணாடி மேஜையில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, விளிம்புக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். கீழே விழுந்து நெளிந்த ஷெல் சரியாக டியூன் ஆகாது.

பணத்தில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

ஷெல்லைவிட ஹெட்டும் டியூனிங்கும் சத்தத்தை அதிகம் மாற்றும். விலையுயர்ந்த டிரம்மில் தேய்ந்துபோன ஹெட் இருந்தால் அது மலிவான டிரம் போலத்தான் ஒலிக்கும். ஒற்றை அடுக்கு கோட்டட் ஹெட், 20 இழை ஸ்நேர் வயர் ஆகியவை பொதுவான எல்லா வாசிப்புக்கும் சரியாக இருக்கும். பிரஷ்ஷால் வாசிக்க கோட்டட் பரப்பு அவசியம். 'கிங்' என்ற ரீங்காரம் அதிகமாக இருந்தால், ஒரு துண்டு ஜெல் பேட் ஒட்டினால் அடங்கிவிடும். அதற்காக டிரம்மையே மாற்ற வேண்டாம்.

பட்ஜெட்டில் காது அடைப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது, தொழில் சார்ந்த உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ்-ன் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். உலோக ஸ்நேரில் விழும் ரிம்ஷாட், வாசிப்பவரின் காதருகே அதைச் சுலபமாகத் தாண்டும். போன கேட்கும் திறன் திரும்பி வராது.

இன்னொரு விஷயம். பித்தளை கறுக்கிறதே என்று புளியோ, பாத்திரம் தேய்க்கும் பொடியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே உள்ள பூச்சு போய்விடும். வாசித்து முடித்ததும் கைவியர்வை படிந்த இடத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

இப்போதே வாங்கத்தான் வேண்டுமா?

கற்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைக்கு இது தேவையில்லை. இருக்கிற ஸ்நேருக்கு நல்ல ஹெட் ஒன்று மாற்றி, டியூன் செய்யக் கற்றுக்கொடுக்கும்படி மாஸ்டரிடம் சொல்லுங்கள். அந்த டிரம்மிலேயே மூன்று விதமான சத்தத்தைத் தானாகக் கொண்டுவரும் நாளில், பித்தளை ஸ்நேர் பற்றிப் பேசலாம். அதற்குள் எந்தச் சத்தம் வேண்டும் என்பது பிள்ளைக்கே தெரிந்திருக்கும். படத்தைப் பார்த்துக் கேட்காது, காதால் கேட்டுக் கேட்கும்.